தடய அறிக்கையை நம்பித் தண்டனை வந்துவிட்டதா? குமரி மாவட்டக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் ஒருவருக்குத் தண்டனை ஆகிவிட்டது. தீர்ப்பைப் படித்தால், நேரில் பார்த்த சாட்சி யாரும் இல்லை. ரத்தக்கறை அறிக்கை, டிஎன்ஏ, கையெழுத்து ஒப்பீடு, பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் சொன்ன நேரம் என்று ஏதோ ஒன்றின் மேல்தான் முழுத் தீர்ப்பும் நிற்கிறது. அதில் ஏதோ சரியில்லை என்று உங்கள் மனசு சொல்கிறது. யாரைப் பார்ப்பது, எந்தக் காகிதத்தைக் கேட்பது என்று தெரியவில்லை. அப்படி நிற்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. என் தம்பி வழக்குக்காக நாகர்கோவில், பாளையங்கோட்டை, மதுரை என்று அலைந்ததில் தெரிந்துகொண்டவை இவை.

ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய தண்டனைகளை எடுத்து மறுபடி ஆராய்வதற்கென்று நம் நாட்டில் தனி ஆணையம் கிடையாது. இங்கிலாந்தில் 1997 முதல் அப்படி ஓர் ஆணையம் இயங்குகிறது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம், தவறான அறிவியலை நம்பிய தண்டனையை மறுபடி எடுத்துப் பார்க்க 2013-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. நமக்கு இருப்பது மேல்முறையீடு, அதன்பின் உச்ச நீதிமன்றம், கடைசியாக ஆளுநர். அதனால் அறிக்கையில் உள்ள குறை எதுவானாலும் இந்த வாசல்கள் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். ஒவ்வொரு வாசலுக்கும் கெடு உண்டு.

1. எந்த நீதிமன்றம், எந்தத் தேதி: இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்

தீர்ப்பின் முதல் பக்கத்தில் நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், தீர்ப்புத் தேதி மூன்றும் இருக்கும். உங்கள் கெடு அங்கிருந்துதான் ஓடுகிறது.

நாகர்கோவில், இரணியல், பத்மநாபபுரம், குழித்துறை, பூதப்பாண்டி போன்ற இடங்களில் மாஜிஸ்திரேட் கோர்ட் தண்டித்திருந்தால் மேல்முறையீடு மாவட்ட அமர்வு நீதிமன்றத்துக்குப் போகும். கெடு 30 நாள். கொலை, போக்சோ மாதிரி வழக்குகளில் அமர்வு நீதிமன்றமோ சிறப்பு நீதிமன்றமோ தண்டித்திருந்தால் மதுரையில் உள்ள உயர் நீதிமன்றக் கிளைக்குப் போக வேண்டும். அதற்கு 60 நாள். தூக்குத் தண்டனை என்றால் மட்டும் 30 நாள். சீராய்வு மனுவுக்கு (ரிவிஷன்) 90 நாள்.

களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கத்து ஆட்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சம்பவம் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையில் நடந்து, கேரள போலீஸ் வழக்குப் போட்டிருந்தால் மேல்முறையீடும் கேரளத்தில்தான்; அமர்வு நீதிமன்றம் தண்டித்திருந்தால் எர்ணாகுளத்தில் உள்ள கேரள உயர் நீதிமன்றம். உங்கள் வீடு தமிழ்நாட்டில் இருக்கிறது என்பதால் மதுரையில் போட முடியாது. கீழே நான் சொல்லும் சட்டப் பிரிவுகள் அங்கும் செல்லும். நடைமுறை மட்டும் வேறாக இருக்கும்.

ஒரு பொறி இருக்கிறது. முதலமைச்சரின் தனிப்பிரிவு, மனித உரிமை ஆணையம், எஸ்.பி. அலுவலகம் என்று பலர் மனுக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். அந்த மனு எதுவும் மேல்முறையீட்டுக் கெடுவை நிறுத்தி வைக்காது. கொடுப்பதானால் கொடுங்கள், ஆனால் காத்திருக்காதீர்கள்.

2. நகல் மனு: எல்லாக் காகிதமும் கைக்கு வரட்டும்

தண்டனை அறிவித்த உடனே தீர்ப்பின் ஒரு நகலைத் தண்டனை பெற்றவருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 363, புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 404). அது பெரும்பாலும் அவரோடு சிறைக்குப் போய்விடும். நீங்கள் பாளையங்கோட்டைச் சிறையில் மனுப் போட்டுப் பார்க்கும்போது கேட்டு வாங்குங்கள். தீர்ப்பின் பிரதியை இ-கோர்ட்ஸ் தளத்திலும் தேடி எடுக்கலாம். படிக்க அது போதும், தாக்கல் செய்யச் சான்றிட்ட நகல் வேண்டும்.

ஆனால் தீர்ப்பு மட்டும் கையில் இருந்து பயனில்லை. தீர்ப்பில் இருப்பது நீதிபதி அறிக்கையைப் பற்றிச் சொன்னது. உங்களுக்கு வேண்டியது அறிக்கையே. நகல் பிரிவில் மனுக் கொடுக்கும்போது இவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்:

முதல் தகவல் அறிக்கை, அது மாஜிஸ்திரேட்டைப் போய்ச் சேர்ந்த நேரம் குறித்த பக்கத்தோடு. பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் சாட்சிகள் முன் எழுதிய குறிப்பு), மாதிரி வரைபடம். பொருள்களைக் கைப்பற்றிய மகஜர்கள் எல்லாம். பிரேத விசாரணை அறிக்கை. பிரேதப் பரிசோதனைச் சான்று, டாக்டரின் இறுதிக் கருத்து. காயம்பட்டவர் உயிரோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் விபத்துப் பதிவேட்டின் நகல், அதாவது ஏ.ஆர். காப்பி. பொருள்களை போலீஸ் நீதிமன்றத்துக்கு அனுப்பிய படிவம் (படிவம் 91 அல்லது 95 என்று போட்டிருப்பார்கள்). நீதிமன்றம் ஆய்வகத்துக்கு எழுதிய கடிதம். ஆய்வக அறிக்கை, ரத்தப் பிரிவு அறிக்கை. அப்புறம் எல்லாச் சாட்சிகளின் வாக்குமூலமும் குறுக்கு விசாரணையும்.

வழக்குக் கட்டைப் புரட்டும்போது அ.சா.1, அ.சா.ஆ.1, சா.பொ.1 என்று வரும். அ.சா. என்றால் அரசுத் தரப்புச் சாட்சி, அ.சா.ஆ. என்றால் அரசுத் தரப்புச் சான்றாவணம், சா.பொ. என்றால் சான்றுப் பொருள். தீர்ப்பின் கடைசியில் இவற்றின் பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலைப் பார்த்து எண் போட்டுக் கேட்டால் நகல் பிரிவில் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

சான்றிட்ட நகலில் மனுக் கொடுத்த தேதி, கட்டணம் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி எல்லாம் குறித்திருப்பார்கள். அந்தப் பக்கத்தைக் கிழியாமல் வைத்திருங்கள். தீர்ப்பு நகல் எடுக்க ஆன நாள்களைக் கெடுவிலிருந்து கழித்துக்கொள்ளக் காலவரம்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு இடம் தருகிறது. கட்டணம் கேட்டு நோட்டீஸ் பலகையில் போட்ட பிறகு நீங்கள் கட்டாமல் விட்ட நாள்கள் கழிக்கப்படாது. அதனால் நாகர்கோவிலில் இருக்கும் யாராவது அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொரு காரணத்துக்காகவும் அவசரம் வேண்டும். மேல்முறையீடு ஏற்கப்பட்ட பின் மதுரையிலிருந்து கேட்டால் மூலக் கட்டு இங்கிருந்து கிளம்பிவிடும். அதன்பின் நகல் எடுப்பது பெரிய பாடு.

3. சான்றுப் பொருள் அழிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

தீர்ப்பின் கடைசிப் பத்தியை யாரும் படிப்பதில்லை. அங்கேதான், 'சா.பொ. 1 முதல் 9 வரை மதிப்பற்றவை, மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் அழிக்கப்பட வேண்டும்' என்பது போல ஒரு வரி இருக்கும். ரத்தம் பட்ட துணி, கத்தி, முடி எல்லாம் இந்த வரியோடு போய்விடும். போன பிறகு மறு சோதனை என்ற பேச்சுக்கே இடமில்லை.

மேல்முறையீடு போட்டுவிட்டீர்கள் என்றால், வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு, பொருள்களை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும் என்று தண்டித்த நீதிமன்றத்தில் ஒரு மனுவை வக்கீல் மூலம் போடுங்கள். கெடு தாண்டி இன்னும் போடவில்லை என்றால் இந்த மனு இன்னும் அவசரம். ஆய்வகத்தில் மீதி மாதிரி இருக்கிறதா, திருப்பி அனுப்பிவிட்டார்களா என்பது பெரும்பாலும் ஆய்வக அறிக்கையின் கடைசி வரிகளில் இருக்கும். அதையும் மனுவில் சேருங்கள்.

எல்லாவற்றிலும் மலிவான மனு இதுதான். மறந்தால் திரும்பக் கிடைக்காததும் இதுதான்.

4. கட்டை எப்படிப் படிப்பது

அறிக்கையைக் கையில் எடுத்ததும் எல்லாரும் நேராக முடிவைத்தான் படிக்கிறார்கள். 'மனித ரத்தம்', 'பொருந்துகிறது', 'விஷம் கண்டறியப்பட்டது.' வேதியியல் படித்தவர்கள் கண்ட முடிவை நாம் என்ன சொல்வது என்று அங்கேயே சோர்ந்துவிடுகிறார்கள். முடிவை விட்டுவிட்டு, அந்தப் பொருள் சம்பவ இடத்திலிருந்து ஆய்வக மேசை வரை எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். அதைப் படிக்க அறிவியல் வேண்டாம். தேதி பார்க்கத் தெரிந்தால் போதும்.

ஒரு நீள நோட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஐந்து தேதிகளை எழுதுங்கள். கைப்பற்றிய தேதி. காவல் நிலையத்திலிருந்து நீதிமன்றத்துக்குப் போன தேதி. நீதிமன்றம் ஆய்வகத்துக்கு அனுப்பிய கடிதத்தின் தேதி. ஆய்வகம் வாங்கிய தேதி. அறிக்கை கையெழுத்தான தேதி. நம் பக்கத்துப் பொருள்கள் பெரும்பாலும் திருநெல்வேலி வட்டார தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும். சில சோதனைகளுக்கு மயிலாப்பூரில் உள்ள தலைமை ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். இடையில் நாள்கள் விழுந்திருந்தால் அந்த நாள்களில் பொருள் யார் கையில், எந்த அறையில், சீல் வைத்தா வைக்காமலா இருந்தது என்று கேள்வி போடுங்கள். அதற்குப் பதில் எந்தச் சாட்சியின் வாக்குமூலத்திலாவது இருக்கிறதா என்று தேடுங்கள். பொருளை எடுத்துப் போன காவலரையும், நீதிமன்றத் தலைமை எழுத்தரையும் சாட்சியாக விசாரித்தார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை அடிக்கோடிட்டு வையுங்கள்.

அடுத்து, பொருளின் விவரம். எங்கள் வழக்குக் கட்டில், கைப்பற்றிய மகஜரில் 'நீல நிறச் சாரம் ஒன்று, கறையுடன்' என்று இருந்தது (சாரம் என்றால் நம் பக்கத்தில் லுங்கி). ஆய்வக அறிக்கையின் அட்டவணையில் நாலாவது வரியில் 'பச்சையும் வெள்ளையும் கலந்த கட்டம் போட்ட லுங்கி, ஓரம் கிழிந்தது' என்று இருந்தது. மகஜரில் கிழிசலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. விசாரணை நடந்த காலம் முழுக்க இந்த இரண்டு காகிதமும் ஒரே கட்டுக்குள்தான் இருந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் யாருமில்லை. மதுரையில் எங்களுக்காக வாதாடியவர் தண்டனை நிறுத்தி வைக்கும் மனுவில் முதலில் எடுத்துக் காட்டியது இதைத்தான்.

சீலையும் பாருங்கள். நீதிமன்றக் கடிதத்தில் மாதிரி முத்திரை பதித்திருப்பார்கள். ஆய்வக அறிக்கையில் 'முத்திரைகள் சிதையாமல் இருந்தன, மாதிரி முத்திரையோடு ஒத்திருந்தன' என்ற பொருளில் ஒரு வரி இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாதை எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் பக்கத்து வழக்கு ஒன்றே போதும். தேனி மாவட்டம் சுருளி அருவி இரட்டைக் கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றவரை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 15 அன்று விடுவித்தது. டிஎன்ஏ மாதிரிகளைக் கையாண்ட விதத்தில் இருந்த குறைகள் அதில் பெரிய காரணம். அதே தீர்ப்பில் நாடு முழுவதற்கும் விதி சொன்னார்கள். மாதிரி எடுத்தால் 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போக வேண்டும், தாமதமானால் காரணம் எழுத வேண்டும், நீதிமன்ற அனுமதி இல்லாமல் பொட்டலத்தைத் திறக்கவோ மறுபடி சீல் வைக்கவோ கூடாது, மாதிரி யார் யார் கைமாறியது என்பதற்குத் தனிப் பதிவேடு வேண்டும். உங்கள் வழக்கு அதற்கு முந்தியது என்றால், அந்தப் பதிவேடு இல்லை என்பதை மட்டும் வைத்து வாதாட முடியாது. ஆனால் மாதிரி கைமாறிய சங்கிலி அறக்கூடாது என்பது அதற்கு முன்பிருந்தே உள்ள சட்டம். அதை வைத்து வாதாடலாம்.

கடைசியாக, அறிக்கை கொடுத்த நிபுணர் கூண்டில் ஏறினாரா? அரசு ஆய்வக அறிக்கையை நிபுணரை விசாரிக்காமலே சான்றாக ஏற்கச் சட்டம் இடம் தருகிறது (பழைய 293, புதிய 329). ஆனால் நீதிமன்றம் அவரை அழைத்து விசாரிக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. நம் தரப்பு கேட்டதா, கேட்டு மறுத்தார்களா, கேட்கவே இல்லையா என்பதைக் கண்டுபிடியுங்கள். மூன்றுக்கும் மேல்முறையீட்டில் வேறு வேறு எடை உண்டு.

5. எந்த அறிக்கையில் எதைத் தேடுவது

ரத்தக்கறை. முதல் கட்டச் சோதனையில் நிறம் மாறிவிட்டால் அது ரத்தம் என்று முடிவாகாது. துருவும் சில தாவரப் பொருள்களும்கூட நிறத்தை மாற்றும். அடுத்து மனித ரத்தமா என்றும், அதன்பின் எந்தப் பிரிவு என்றும் பார்க்க வேண்டும். பல அறிக்கைகளில் 'மனித ரத்தம், பிரிவு அறிய இயலவில்லை' என்றுதான் இருக்கும். அப்படியானால் அது இறந்தவரின் ரத்தம் என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. பிரிவு பொருந்தினாலும் ஓ, பி இரண்டும் நம்மிடையே மிகப் பரவலான பிரிவுகள். குற்றம் சாட்டப்பட்டவரின் சொந்த ரத்தப் பிரிவைச் சோதித்தார்களா என்றும் பாருங்கள்.

டிஎன்ஏ. ஒற்றை வரியில் 'பொருந்துகிறது' என்று இருந்தால் போதாது. டிஎன்ஏவின் எந்தெந்த இடங்களில் பொருந்தியது என்ற அட்டவணை, வரைபடம், தற்செயலாக வேறு ஒருவருக்கும் அப்படிப் பொருந்த எவ்வளவு வாய்ப்பு என்ற கணக்கு எல்லாம் இணைப்பில் இருக்க வேண்டும். டெல்லி சாவ்லா பகுதி இளம்பெண் கொலை வழக்கில் 2022-ல் மூன்று பேரின் தூக்கை நீக்கி விடுதலை செய்தபோது, டிஎன்ஏ அறிக்கையின் அடிப்படை என்ன, முறைகளைச் சரியாகக் கையாண்டார்களா என்று கீழ் நீதிமன்றங்கள் பார்க்கவே இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

பிறந்த குழந்தை இறந்த வழக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் மாட்டுவது பெரும்பாலும் கேட்பாரற்ற இளம் பெண்கள். நுரையீரலைத் தண்ணீரில் போட்டு, மிதந்தால் குழந்தை உயிரோடு பிறந்து மூச்சு விட்டது என்று முடிவு கட்டும் சோதனை மிகப் பழையது. உடல் அழுகத் தொடங்கினால் உண்டாகும் வாயுவே நுரையீரலை மிதக்க வைக்கும். யாராவது குழந்தையின் வாயில் ஊதி உயிர்ப்பிக்கப் பார்த்திருந்தாலும் மிதக்கலாம். உடல் எத்தனை நாள் கழித்துக் கிடைத்தது, அழுகல் நிலையைப் பற்றி டாக்டர் என்ன எழுதினார், இந்தச் சோதனை தவிர வேறு எதை வைத்து உயிர்ப் பிறப்பு என்றார் என்று பாருங்கள். வேறு எதுவும் இல்லையென்றால் அந்தத் தண்டனையின் அடித்தளமே ஆடுகிறது. உங்கள் ஊரில் இப்படி ஒரு பெண் சிறையில் இருப்பது தெரிந்தால், அவர் உறவாக இல்லாவிட்டாலும் சட்டப்பணிகள் குழுவுக்குத் தகவல் சொல்லுங்கள்.

தண்ணீரில் கிடைத்த உடல். குளம், ஆறு, கடல் என்று நம் மாவட்டத்தில் இந்த வழக்குகள் அதிகம் வரும் இடம். டயாட்டம் என்ற நுண்பாசிச் சோதனையை வைத்து முங்கிச் செத்தாரா, செத்தபின் போடப்பட்டாரா என்று முடிவு சொல்லியிருப்பார்கள். அதே நீர்நிலையிலிருந்து தண்ணீர் எடுத்து ஒப்பிட்டார்களா என்று பாருங்கள். ஒப்பிடாத முடிவுக்கு மதிப்புக் குறைவு.

இறந்த நேரம். வயிற்றில் இருந்த சோறு, உடல் விறைப்பு இவற்றை வைத்து டாக்டர் சொல்வது ஒரு நீண்ட இடைவெளிதான். 'கடைசியாக இருவரையும் ஒன்றாகப் பார்த்தேன்' என்ற சாட்சியின் நேரம் அந்த இடைவெளியின் ஓரத்தில் மட்டும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

வயது. போக்சோ வழக்கானாலும், குற்றம் சாட்டப்பட்டவரே அப்போது 18-க்குக் கீழ் என்றாலும், முதலில் பள்ளிச் சான்று அல்லது மெட்ரிக் சான்று, அது இல்லாவிட்டால் பேரூராட்சி, நகராட்சி கொடுத்த பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புச் சோதனை. இளைஞர் நீதிச் சட்டம் 94-ஆம் பிரிவில் இந்த வரிசை இருக்கிறது. எலும்புச் சோதனையில் இரண்டு வருடம் முன்பின் ஆகலாம் என்பதை நீதிமன்றங்களே ஏற்றிருக்கின்றன. ஞானஸ்நானச் சான்று அந்த வரிசையில் இல்லை, துணைக்கு மட்டும் வையுங்கள். சம்பவ நாளில் அவர் சிறார் என்ற வாதத்தை வழக்கு இறுதியாக முடிந்த பின்னும் எழுப்பலாம். அதற்குக் கெடு இல்லை.

செல்போன் பதிவும் கேமராவும். பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி, புதியதில் 63-ஆம் பிரிவின் கீழ் மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் விசாரணையில் ஆட்சேபிக்காமல் விட்டிருந்தால் மேல்முறையீட்டில் முதல் முறையாகக் கிளப்புவது கஷ்டம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லியிருக்கிறது. இதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

மோப்ப நாய் ஓடிப் போய் நின்றது என்பது புலன் விசாரணைக்கு உதவும், தனியாகத் தண்டனைக்குப் போதாது. காலடித் தடமும் கையெழுத்து ஒப்பீடும் தனியே நிற்கும் அளவுக்கு வலுவானவை என்று நீதிமன்றங்கள் கருதுவதில்லை. சம்மதம் இல்லாமல் நார்கோ சோதனை செய்யக் கூடாது என்பது 2010 முதல் சட்டம்.

6. வக்கீலும் இலவச உதவியும்

சிறையில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச வக்கீல் கேட்கும் உரிமை உண்டு. 1987-ஆம் வருடச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12-ஆம் பிரிவு அது. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்கென்று தனிச் சட்டப்பணிகள் குழு உண்டு. 15100 என்ற எண்ணுக்கு அடித்தும் கேட்கலாம். வேறு வழியே இல்லையென்றால் சிறை அதிகாரி மூலமாகவே மேல்முறையீட்டை அனுப்பலாம் (பழைய 383, புதிய 424). அதற்கு ஒரு காசும் வேண்டாம்.

சொந்தமாக வக்கீல் வைப்பதானால் நீங்கள் போட்ட தேதி அட்டவணையை எடுத்துக்கொண்டு போங்கள். அதைப் பொறுமையாகப் படிப்பவரிடம் கட்டைக் கொடுங்கள். கட்டணத்தைத் தாக்கல், தண்டனை நிறுத்தி வைக்கும் மனு, இறுதி வாதம் என்று மூன்றாகப் பிரித்துப் பேசி, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வக்காலத்தில் சிறையில் இருப்பவர் கையெழுத்துப் போட்டு, சிறைக் கண்காணிப்பாளர் சான்று வைக்க வேண்டும். அதற்கும் நாள் ஆகும், கெடுவின் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள்.

'ஆய்வகத்தில் ஆள் இருக்கிறது, ரிப்போர்ட்டைச் சரிபண்ணித் தருகிறேன்' என்று எவராவது வந்தால் கிட்ட விடாதீர்கள். சாட்சியையோ டாக்டரையோ வீட்டில் போய்ப் பார்க்கவும் வேண்டாம். புதிய வழக்கு ஒன்று உங்கள் மேலேயே வந்து சேரும்.

7. கெடு தாண்டிவிட்டதா?

தாண்டியிருந்தாலும் கதவு அடைந்துவிடவில்லை. காலவரம்புச் சட்டம் 5-ஆம் பிரிவின் கீழ் தாமதத்தை மன்னிக்கக் கோரி மனுப் போடலாம். சிறையில் இருப்பவர் போடும் மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் பொதுவாகத் தாராளமாகவே பார்க்கும். ஆனால் 'வறுமை காரணமாக' என்று ஒற்றை வரி போட்டால் போதாது. எந்த மாதத்தில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். சிறையிலிருந்து காவல் காலச் சான்று, வீட்டில் யாருக்காவது நோய் என்றால் ஆஸ்பத்திரிச் சீட்டு, முந்தைய வக்கீல் கட்டைத் திருப்பித் தந்த தேதி, நகல் மனுவின் தேதிகள் எல்லாவற்றையும் இணையுங்கள்.

8. மேல்முறையீட்டோடு சேர்த்துப் போட வேண்டியவை

தண்டனையை நிறுத்தி வைக்கும் மனு (பழைய 389, புதிய 430). மேல்முறையீடு இறுதி வாதத்துக்கு வர வருடங்கள் ஆகும் என்பதால் இதுதான் ஆளை வெளியே கொண்டுவரும். ஆயுள் தண்டனையில் எளிதில் கிடைக்காது, கஞ்சா வழக்கில் இன்னும் கடினம். முதல் தடவை தள்ளுபடியானால் சிறையில் இருந்த காலம் கூடிய பிறகு மறுபடி போடலாம். கிடைத்தால் இரண்டு ஜாமீன்தாரர் கேட்பார்கள். அவர்களின் ஆதார், வீட்டு வரி ரசீதை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். உத்தரவு வந்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளே கிடப்பவர்கள் உண்டு. அபராதத் தொகையைக் கட்டச் சொல்லியிருந்தால் அதையும் தயாராக வையுங்கள்.

கூடுதல் சான்று மனு (பழைய 391, புதிய 432). ஆய்வக நிபுணரை அழைத்து விசாரிக்கவும், பொருளை மறுபடி சோதிக்கவும், வேறு நிபுணரின் கருத்தைப் பதிவு செய்யவும் இதில்தான் கேட்க வேண்டும். விசாரணையில் விட்ட ஓட்டையை அடைக்க இது வழி இல்லை என்று அரசுத் தரப்பு எதிர்க்கும். அதனால் புதிய சான்று இல்லாவிட்டால் நீதி தவறிவிடும் என்பதை உங்கள் தேதி அட்டவணையிலிருந்தே காட்ட வேண்டும்.

வெளி நிபுணரிடம் கருத்து வாங்குவதானால், ஓய்வு பெற்ற தடய மருத்துவப் பேராசிரியர்களையோ ஆய்வக அதிகாரிகளையோ வக்கீல் மூலம் அணுகுங்கள். முழுக் கட்டையும் கொடுங்கள். நமக்குச் சாதகமான பக்கங்களை மட்டும் கொடுத்து வாங்கிய கருத்து அரசு வக்கீலின் முதல் கேள்வியில் விழுந்துவிடும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் ஆய்வகத்துக்கும் எழுதலாம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும். அந்தத் தேதியில் ஆய்வகத்துக்குத் தர அங்கீகாரம் இருந்ததா, இந்தச் சோதனைக்கு எந்தச் செய்முறைக் கையேடு பின்பற்றப்பட்டது என்று பொதுவாகக் கேளுங்கள். 'ஏன் தவறாக எழுதினீர்கள்' என்று கேட்டால் பதில் வராது. மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

9. உயர் நீதிமன்றமே தள்ளுபடி செய்துவிட்டால்

கையெழுத்தான தீர்ப்பை அதே நீதிமன்றம் திருத்த முடியாது (பழைய 362, புதிய 403). அதனால் மதுரையில் மறுபடி மனுப் போடச் சொல்லி யாராவது பணம் கேட்டால் யோசியுங்கள். 90 நாளுக்குள் உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனுப் போடலாம். தமிழ் வாக்குமூலங்கள் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டும், பெரிய செலவு அதில்தான். உச்ச நீதிமன்றச் சட்டப்பணிகள் குழு மூலம் போனால் அந்தச் செலவும் உங்கள் தலையில் விழாது. அதன்பின் அதே நீதிமன்றத்தில் மறுஆய்வு மனு (ரிவ்யூ), அதற்கும் பின் குறைதீர் மனு (கியூரேட்டிவ்). மறுஆய்வில் கிடைப்பது அரிது. ஆனால் 2009-ல் தானே தூக்கை உறுதி செய்த மகாராஷ்டிர வழக்கொன்றில், 2019-ல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பைத் திரும்பப் பெற்று ஆறு பேரையும் விடுதலை செய்தது.

எல்லாம் முடிந்தபின் அரசியல் சாசனம் 161-ஆவது பிரிவின் கீழ் ஆளுநருக்கு மனு. இதில் தடய அறிக்கையின் குறைகளைத் தேதி அட்டவணையோடு இணைக்கலாம். சிறை மூலமாகவே அனுப்பலாம், கட்டணம் இல்லை.

10. அலைச்சலும் காலமும்

வடசேரியிலிருந்து மாட்டுத்தாவணி, அங்கிருந்து ஒத்தக்கடை போகும் பஸ்ஸில் உயர் நீதிமன்றக் கிளை. போகவே ஐந்து மணி நேரத்துக்கு மேல். ஒவ்வொரு விசாரணைத் தேதிக்கும் நீங்கள் போக வேண்டியதில்லை. வழக்குப் பட்டியல் முந்தின நாளே இணையத்தில் வந்துவிடும், வழக்கு எண்ணைப் போட்டு நிலையைப் பார்த்துக்கொள்ளலாம். வக்கீலுக்குக் கட்டு கொடுக்கும் நாள், இறுதி வாத நாள் இரண்டுக்கும் போனால் போதும். மிச்சப் பணத்தை நகலுக்கும் பாளையங்கோட்டை பஸ் செலவுக்கும் வையுங்கள்.

இறுதி வாதம் வராமல் வருடங்கள் போனால், சிறையில் கழித்த காலத்தைக் காட்டி முன்கூட்டியே விசாரிக்க மனுப் போடலாம். அதோடு சிறைக் காவல் காலச் சான்றைப் புதிதாக வாங்கி இணைக்க வேண்டும். பழைய சான்றை வைத்தால் புதியது கேட்டுத் தள்ளி வைப்பார்கள். கட்டின் மூன்று நகல்கள் எடுத்து ஒன்றை வக்கீலிடமும், ஒன்றை வீட்டிலும், ஒன்றை வேறு ஊரில் இருக்கும் உறவுக்காரர் வீட்டிலும் வையுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்தால் சட்டப்பணிகள் குழு கேட்கும்போது அன்றைக்கே அனுப்பிவிடலாம்.